அருள்மேரி ஒத்துக்கொண்டது

தாம்பரம் பக்கமிருந்து நம் பல்கலைக்கழக வளாகத்துக்கு வர வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைதான் சுருக்குவழி. ஆனால் என் மனைவி அருள்மேரிக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் சுற்றிக்கொண்டு வருவதுதான் பிடிக்கும். பெரும்பாக்கத்தில் சதுப்புநிலம் தெரியும் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வாள். பறவைகளைப் பார்ப்பாள். பெட்ரோலும் நேரமும் கூடுதலாகச் செலவாகும் என்றாலும் நான் அந்த வழியில்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். அவள் கேட்டு நான் மறுத்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி வருவதைப் படிக்கும்போது நான் அவளை மோசமாக நடத்தியவன் என்று தோன்றக்கூடும்.

ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், வேதா மேடம். விசாரணைக் குழுவின் முன் நான் பேசியது முன்னும் பின்னுமாக இருந்தது என்றீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்றீர்கள். நன்றி.

என் அப்பா நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் சாயம் ஏற்றுகிற வேலை பார்த்தார். நான் வேதியியல் படித்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. எங்கள் வீட்டில் சாயம் என்பது பேச்சில் வரும் சொல், துணியில் வரும் கறை. தாம்பரத்தில் எம்.எஸ்சி. படித்தபோது ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை அருள்மேரிக்கு. இரும்புலியூர் பொண்ணு. அப்பா சவுரிமுத்து ரயில்வே பணிமனையில் எலெக்ட்ரீஷியன், அம்மா இல்லை. எனக்குக் கை சுத்தம். எந்தப் பொருளைச் செய்தாலும் படிகம் படிகமாக விழும். அவளுக்குக் கை அவ்வளவு வராது, ஆனால் ஒரு கேள்வி கேட்டாள் என்றால் பேராசிரியர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள்.

படிப்பு முடிந்ததும் பல்லாவரத்தில் தோல் சாயம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு முன் ஒருநாள் அவள் அங்கே வந்தாள். வாசலில் இருந்த கடையில் டீ குடிக்கும்போது என் சட்டைக் கையில் இருந்த நீலக்கறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இந்தக் கலர் வெளிச்சத்த உறிஞ்சுறதாலதானே நீலமாத் தெரியுது? உறிஞ்சின வெளிச்சம் எங்க போகுது ஜெபா?”

சூடாகப் போய்விடும் என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

“சூடா விடாம கரன்ட்டா எடுக்க முடியாதா?”

எடுக்க முடியும் என்று உலகத்தில் சிலர் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் அது அப்போது தெரியாது. அவள் அடுத்த வாரமே தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். ஆர்கானிக் எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவள் வாயால்தான். சிலிக்கானுக்குப் பதிலாகச் சாயம் போன்ற கரிம மூலக்கூறுகள். மைபோலக் கரைத்து, பிளாஸ்டிக் தாளில் மெல்லிய படலமாகப் பூசினால் அதில் மின்சாரம் ஓடும். பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி வைக்கக்கூடிய சோலார் பலகை செய்யலாம். குடைமேல்கூட ஒட்டலாம் என்பாள். என் சட்டையில் அந்தக் கறை இல்லாவிட்டால் அவளுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆகவே அவளை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவன் நான் என்று சொல்வதில் தவறில்லை.

நம் பல்கலைக்கழகத்தில் அவள் முதலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். மூலக்கூறு செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொன்னபோது என் பெயரைச் சொன்னாள். அவள் சிபாரிசில் உள்ளே வந்தவன் என்று கேன்டீனில் சிலர் பேசுவது உண்டு. வரிசைப்படி பார்த்தால் அப்படி இருக்கலாம். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பகலெல்லாம் ஒரே ஆய்வகம். நான் தூளைச் செய்வேன், அவள் அதைக் கரைத்துப் படலமாக்கி, செல்லாக்கி, அளந்து பார்ப்பாள். இருவரும் டாக்டர் ஆனோம், இருவருக்கும் இங்கேயே வேலை கிடைத்தது. இப்படியே எங்கள் வாழ்க்கை போயிருக்கும்.

மற்றவர்களைப் போலவே எங்கள் படலங்களும் நம் ஊர் வெயிலிலும் கடல்காற்றிலும் சீக்கிரம் செத்துப்போகும். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அவள் கை துடைக்கும் காகிதத்தில் ஒரு மூலக்கூறை வரைந்தாள்.

“இங்க ஒரு கிளை வெச்சுப் பாரேன். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒழுங்கா உட்காரும். நடுவுல காத்து நுழையாது.”

வரைவது எளிது. அதைச் செய்து முடிக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. விரல் தோல் உரிந்தது, மூக்கில் கரைப்பான் வாசனை போகவே இல்லை. கடைசியில் கருநீலத்தில் ஒரு தூள் கிடைத்தது. அவள் அதைப் படலமாக்கி மொட்டைமாடியில் வைத்தாள். கோடை முழுக்க அது சாகவில்லை. அடைமழைக்குப் பிறகும் மின்சாரம் தந்துகொண்டிருந்தது. கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அவளுடையது, என் பெயர் நடுவில். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நுழைவாயிலில் அவள் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். ஆய்வகத்தில் எல்லோரும் அதை ‘மேரி ஃபிலிம்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். என்னிடமே, “மேரி ஃபிலிமுக்குப் பவுடர் ரெடியா சார்?” என்று கேட்பார்கள். ரெடி என்பேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. இதைக் குழு குறித்துக்கொள்ளலாம்.

பிறகு ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய ஆய்வுக்கூடம். அவளுக்கென்று தனிக் குழு அமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்தோடு வரலாம், கணவருக்கும் ஏதாவது வேலை பார்த்துத் தருகிறோம் என்று ஒரு வரி இருந்தது. ஏதாவது. அவள் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, “நீ இல்லாம நான் போவேனா?” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் அவளைப் பற்றித்தான் யோசித்தேன். அவளுக்குத் தைராய்டு இருந்தது, குளிர் ஒத்துக்கொள்ளாது. மாமனாருக்கு வயதாகிவிட்டது, இரும்புலியூரில் தனியாக இருந்தார். புகழ் வந்தால் அவள் தூங்கமாட்டாள், சாப்பிடமாட்டாள். அவளை யாராவது கொஞ்சம் நிறுத்தவேண்டியிருந்தது. அவளாக நிற்கிறவள் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பாளே என்று நீங்கள் கேட்டீர்கள். நின்றிருப்பாள்தான். ஆனால் காலம் முழுக்க என்னால் நின்றதாக அவளுக்குத் தோன்றும். அது எங்கள் குடும்பத்துக்கு நல்லதில்லை.

ஜெர்மனிக்காரர்கள் அந்தப் படலத்தைப் புதிதாக ஒருமுறை செய்து அளந்து அனுப்பக் கேட்டிருந்தார்கள். பழைய தூள் தீர்ந்துவிட்டது, புதிதாகச் செய்தேன்.

இங்கே வேதியியல் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த மூலக்கூறின் இரண்டு பாதிகளை இணைக்க ஓர் உலோக வினையூக்கி போடுகிறோம். வேலை முடிந்ததும் அது தூளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பலமுறை கழுவிக் கழுவி எடுக்கவேண்டும். பல்லாவரத்தில் தோல் சாயத்தில் இந்த அழுக்கு கொஞ்சம் இருந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள், நிறம் நிறம்தான். எங்கள் வேலையில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத, வழக்கமான சோதனையில் பிடிபடாத அளவு மிச்சமிருந்தாலும் மின்சாரம் அங்கங்கே மாட்டிக்கொள்ளும், படலம் சீக்கிரம் சாகும். கடைசியில் ஒரு கழுவல் இருக்கிறது. கையோடு பழகியவனுக்குத்தான் அது வரும். கட்டுரையில் அதை எழுதியிருந்தோம், ஆனால் இங்கே அதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

அந்தக் கடைசிக் கழுவலை நான் செய்யவில்லை. நான் எதையும் கலக்கவில்லை, மேடம். கழுவாமல் விட்டேன், அவ்வளவுதான். முதல்முறை அன்று மழை, மின்சாரம் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. சலிப்பில் விட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு செய்தவற்றுக்கு அப்படிச் சொல்லமுடியாது.

படலம் வேலை செய்யவில்லை. அவள் கண்ணாடித் தகடுகளை மாற்றினாள். கரைப்பானை மாற்றினாள். காற்றுப் புகாத பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்தாள். கையுறையில் ஓட்டை இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். தூளை அவள் சந்தேகப்படவே இல்லை. வெளிநாட்டில் இரண்டொருவர் கேட்டபோது நான்தான் தூள் செய்து அனுப்பினேன். அவர்களுக்கும் வரவில்லை. முறைப்படி புகார் எழுதினார்கள். நீங்கள் அப்போது இங்கே இல்லை. பழைய குழு ஒன்று உட்கார்ந்தது. தங்கள் கண்முன்னால் செய்துகாட்டச் சொன்னார்கள்.

அன்று காலை வண்டியை நிறுத்தும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பவுடர் சரியா இருக்குல்ல ஜெபா?”

“நூத்துக்கு நூறு,” என்றேன்.

அவள் செய்வதை அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் ஓரமாக நின்று பார்த்தேன். அவ்வளவு பதற்றத்திலும் ஒரு படிகூடத் தவறாமல் செய்தாள். படலம் கண்ணாடிபோல் வந்தது, அழகாகவே இருந்தது. அளவுமானியில் எதுவும் வரவில்லை. திரும்பத் திரும்ப இணைப்பைச் சரிபார்த்தாள். கடைசியில் ஒருவர், “போதும்மா” என்றார்.

நீ பொய்யாக எழுதினாய் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இதில் நான் கவனமாக இருந்தேன். கேள்விதான் கேட்டேன். முதல் அளவுகளை எடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் இருந்ததே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது என்றாள். அந்த மாத்திரை போட்டால் உனக்கு மயக்கமாக வருமே என்றேன். யோசித்தாள். கணினியில் எண்களை ஏற்றியது நீ மட்டும்தானே என்றேன். ஆமாம் என்றாள். அவ்வளவு ஆசைப்பட்டோம், மனசு சில நேரம் கண்ணை ஏமாற்றிவிடும், அது குற்றமில்லை என்றேன். ஒரே நாளில் அல்ல, மெதுவாக, மாதக்கணக்கில். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, ஏரிக்கரையில் நடக்கும்போது. அவள் அழும்போதெல்லாம் நிறுத்திவிடுவேன். நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

“நான்தான் மாத்தியிருக்கேன் ஜெபா. எனக்கு இப்ப ஞாபகம் வருது.”

என்ன ஞாபகம் என்று கேட்டேன். எந்த நேரம், எந்த எண், எப்படி அழித்து எப்படி எழுதினாள் என்று எல்லாம் சொன்னாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன்.

ஒப்புதலை அவளே எழுதினாள். என்னிடம் திருத்தத் தந்தாள். ‘மாற்றியிருக்கக்கூடும்’ என்று எழுதியிருந்தாள். அது அரைமனதாகத் தெரியும், குழு ஏற்றுக்கொள்ளாமல் இழுத்தடிக்கும், ‘மாற்றினேன்’ என்று எழுது என்றேன். மாற்றினாள். அதைத் தவிர அதில் என் கை எதுவும் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வேலை போனது. ஜெர்மனியிலிருந்து மரியாதையான இரண்டு வரிகளோடு அந்த அழைப்பும் போனது. மாமனார் ஒருநாள் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். அவள் உள்ளே படுத்திருந்தாள்.

“எம்பொண்ணு சின்னதுல இர்ந்து ஒரு பொய் சொன்னதில்ல மாப்ள. இன்னா நடந்துச்சு, நீயாவது சொல்லு.”

“அவளே ஒத்துக்கிட்டா மாமா,” என்றேன். அது உண்மைதானே.

அவர் எழுந்துகொண்டார். காபி வேண்டாம் என்றார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன் இறந்துபோனார். அடக்கத்தின்போது அருள்மேரி சவப்பெட்டியைத் தொடமாட்டேன் என்று தள்ளியே நின்றாள். கூட்டத்தில் அதைத் தப்பாகப் பேசினார்கள். அப்பா தன்னைத் தொடவிட மாட்டார் என்று அவள் நினைத்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். அமைதியாக இருக்கிறாள். குழம்பில் உப்புப் போட்டேனா என்று என்னைக் கேட்பாள். கேஸை அணைத்துவிட்டேனா என்று ஆய்வகத்துக்குப் போன் செய்வாள். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அணைத்துவிட்டாய் என்று சொல்வேன், அவளுக்கு நிம்மதியாகிவிடும். அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று போகவில்லை. ஆய்வகத்தில் அவளுடைய இடத்துக்கு என்னை உயர்த்தினார்கள். யாராவது ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும், எடுத்துக்கொண்டேன். என் படலங்கள் ஒரு கோடையைத் தாண்டியதில்லை. தூளைச் சுத்தமாகத்தான் செய்கிறேன். வேறு என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. அருள்மேரியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது அவளால் முடியாது.

கொரியாவில் யாரோ அந்தப் பழைய கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே செய்து, அது வேலை செய்கிறது என்று எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசிக் கழுவலைக்கூட விடாமல் செய்திருக்கிறார்கள். நீங்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்கு வந்தீர்கள். அவள் உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். படித்தாள். ஒரு வரைபடத்தில் விரல் வைத்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தாளை மடித்து உங்களிடமே நீட்டினாள்.

“இது வேற ஏதோ மேடம். நான் தப்பு பண்ணேன். அது இவருக்கும் தெரியும்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பிஸ்கட் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினேன். வழியனுப்ப வந்தபோது படிக்கட்டில் நின்று, தூள் செய்தது யார் என்று கேட்டீர்கள். பழைய குழுவில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. நான் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆகவே நீங்கள் கேட்டபடி வெளிப்படையாகவே எழுதுகிறேன். அருள்மேரியின் அளவுகள் அத்தனையும் உண்மை. அவள் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. ஜெர்மனிக்கு அனுப்பச் செய்ததும், வெளிநாட்டுக்குப் போனதும், பழைய குழுவின் முன் அவள் கையில் கொடுத்ததும், எல்லாம் நான் தெரிந்தே கழுவாமல் விட்ட தூள். செய்யாத ஒன்றைச் செய்ததாக அவளை நினைக்கவைத்தவனும் நான்தான். இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

இதை அவள் என் வாயால் கேட்கவேண்டும் என்று சொன்னீர்கள். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, மேலே எழுதியதையெல்லாம் ஒன்றும் விடாமல், இதே வரிசையில் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்காக இப்படியெல்லாம் சொல்லாத ஜெபா. உன் வேலையும் போயிடும். நான் ஒருத்தி அசிங்கப்பட்டது போதாதா?”

இல்லை, நிஜம் என்றேன். வா, இப்போதே ஆய்வகத்துக்குப் போவோம், கழுவிய தூள் தருகிறேன், உன் கையால் பூசிப் பார் என்றேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கையால் இனி எதையும் தொடமாட்டேன், தொட்டால் அதுவும் கெட்டுப்போகும் என்றாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் பொறுமையாகக் கேட்டாள். அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். மாதாவிடம் எனக்காக வேண்டிக்கொண்டாள். சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்து, இவர் என்மேல் இருக்கிற பாசத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார், நம்பாதீர்கள் என்று சொல்லப்போவதாகச் சொன்னாள். சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். தன்னைக் குற்றமற்றவள் என்று அறிவிக்கும் கடிதம் வந்தால் வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

இனி யார் வந்து சொன்னாலும் அவள் மாறப்போவதில்லை. நான் முயன்றுவிட்டேன்.

குழுவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கணவனே தன் வாயால் சொன்ன பிறகும் ஒரு மனைவி அவனைக் குற்றவாளி என்று நம்ப மறுக்கிறாள் என்றால், இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் அவன் அவளிடம் எவ்வளவு நல்லவனாக நடந்துகொண்டிருப்பான் என்பதை, தண்டனையை முடிவு செய்யும்போது தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.